ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா?

ஒரு சிறிய ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகம் இருக்கிறது. வங்கி இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. நடுவில் ஒரு கடைவீதி. இந்தியாவில் பல மாநிலங்களில் இப்படி ஓர் ஊரைப் பார்க்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணி. கடைவீதியில் எல்லாக் கடைகளும் பூட்டியிருக்கின்றன. டீக்கடை மட்டும் திறந்திருக்கிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் நல்ல கூட்டம். ஆசிரியர் குடும்பத்தோடு நிற்கிறார். ஆலைத் தொழிலாளி மனைவியோடு நிற்கிறார். எல்லாரும் எங்கே போகிறார்கள்? 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய நகரத்துக்குப் போகிறார்கள். துணி வாங்க, செருப்பு வாங்க, பாத்திரம் வாங்கப் போகிறார்கள்.

டீக்கடையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார்.

“இவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். நம் கடையில் வாங்க வேண்டியவர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு நாம் கடையைப் பூட்டிவிடுகிறோம். பிறகு வியாபாரம் இல்லை என்று புலம்புகிறோம்” என்றார்.

பக்கத்தில் மளிகைக் கடை நடத்தும் அம்மாள் இருந்தார். “எனக்கு வாரத்தில் 6 நாள் நின்று நின்று கால் வீங்கிப்போகிறது. இருக்கிற ஒரு நாளையும் கடைக்கே கொடுக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார்.

ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் பால் வாங்க வந்தார். கடைக்காரர் அவரிடம், “நீ என்னம்மா சொல்கிறாய்?” என்று கேட்டார்.

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். “ஞாயிற்றுக்கிழமைதான் என் மகள் வீட்டில் இருப்பாள், ஐயா. அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பகலில் பார்க்கிறேன்.”

மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேர் சொன்னதும் நியாயம்தான். அப்படியானால் எது சரி? வாருங்கள், கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஞாயிறு விடுமுறை எப்படி வந்தது?

ஞாயிறு விடுமுறை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. உழைக்கும் மக்கள் அதைப் போராடிப் பெற்றார்கள்.

சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு பம்பாயில் பஞ்சாலைகள் பெருகின. தொழிலாளர்கள் விடிந்ததும் வேலைக்குப் போவார்கள். இருட்டும் வரை வேலை செய்வார்கள். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்பது நிச்சயமாக இல்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ஞாயிறு விடுமுறை உண்டு. தொழிலாளிக்கு இல்லை.

நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் இதைக் கேள்வி கேட்டார். அவரும் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் ஜோதிராவ் புலேயின் வழியில் நடந்தவர். 1884-ஆம் ஆண்டு தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினார். வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், நடுப்பகலில் அரை மணி நேரம் இடைவேளை வேண்டும், சம்பளம் தள்ளிப்போகாமல் கிடைக்க வேண்டும் என்று மனு எழுதினார்கள். 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதற்கு ஆதரவு தந்தார்கள்.

உடனே பலன் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் ஆயின. 1890-இல் மறுபடியும் பெரிய கூட்டம் நடந்தது. சுமார் 10,000 தொழிலாளர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ஒப்புக்கொண்டது.

லோகண்டேயின் நினைவாக 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை ஒரு தபால் தலை வெளியிட்டது.

கடை ஊழியர்களுக்கு என்ன சட்டம்?

ஆலையில் ஆயிரம் பேர் ஒன்றாக இருப்பார்கள். அவர்கள் கூடிக் குரல் கொடுக்க முடியும். கடையில் ஒருவர், இருவர்தான் வேலை பார்ப்பார்கள். அவர்களுக்குச் சங்கம் ஏது? அதனால் கடை ஊழியர்களுக்கு விடுமுறை பிறகுதான் வந்தது.

1942-ஆம் ஆண்டு வார விடுமுறைச் சட்டம் வந்தது. மாநில அரசுகள் விரும்பினால் அதைத் தங்கள் பகுதியில் நடைமுறைப்படுத்தலாம். அந்தச் சட்டம் முக்கியமான சில விஷயங்களைச் சொன்னது.

வாரத்தில் ஒரு நாள் கடையை முழுவதும் மூட வேண்டும்.

எந்த நாள் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்யலாம். அதை எழுதி எல்லாருக்கும் தெரியும் இடத்தில் மாட்ட வேண்டும். அந்த நாளை அடிக்கடி மாற்றக் கூடாது.

ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். அந்த நாளுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.

கவனித்தீர்களா? ‘ஒரு நாள்’ என்றுதான் சட்டம் சொன்னது. ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று சொல்லவில்லை.

பிறகு மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டன. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. பம்பாயில் 1948-இல் வந்தது. டெல்லியில் 1954-இல் வந்தது. மேற்கு வங்காளத்தில் 1963-இல் வந்த சட்டம், வாரத்தில் ஒன்றரை நாள் கடையை மூட வேண்டும் என்றே சொன்னது.

எல்லா ஊருக்கும் ஒரே நாளா?

இல்லை. ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

டெல்லியைப் பாருங்கள். கரோல் பாக், லாஜ்பத் நகர் ஆகியவை பெரிய கடைவீதிகள். அங்கே வழக்கமாக விடுமுறை திங்கட்கிழமை. ஏன்? ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். அதே டெல்லியில் சாந்தினி சவுக்கில் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறுதான் விடுமுறை. அங்கே மொத்த வியாபாரம் அதிகம். வெளியூர் வியாபாரிகள் வார நாட்களில் வந்து சரக்கு எடுப்பார்கள். வாங்க வருபவர் யாரோ, அவரைப் பொறுத்து நாள் அமைகிறது.

மிசோரம் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 100-க்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தேவாலயத்துக்குப் போகும் நாள். அதனால் தலைநகர் ஐஸ்வாலில் கடைவீதி மூடியிருக்கும். ஆனால் சனிக்கிழமை அங்கே தெருவெங்கும் சந்தை. கிராமத்து மக்கள் காய்கறி கொண்டு வருவார்கள். ஊர் மக்கள் இரண்டு நாளுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

கோவாவில் மாப்புசா என்று ஓர் ஊர். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தை பெயர் பெற்றது. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவிவார்கள். அந்த ஊர்க் கடைக்காரர் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டுவாரா? பூட்ட மாட்டார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெல்லியில் தரியாகஞ்ச் என்ற பகுதி. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். மூடிய கடைகளுக்கு முன்னால், நடைபாதையில், பழைய புத்தக வியாபாரிகள் கடை விரிப்பார்கள். பல ஆண்டுகள் இந்தப் புத்தகச் சந்தை நடந்தது. மாணவர்கள் குறைந்த விலையில் புத்தகம் வாங்கினார்கள். 2019-ஆம் ஆண்டு அந்தச் சந்தை பக்கத்தில் உள்ள மகிளா ஹாட் என்ற இடத்துக்கு மாறியது. ஒருவர் கடையை மூடும் நாள், இன்னொருவருக்குப் பிழைப்பாக இருந்தது. நாளை மாற்றும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2016-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்தது. மாநிலங்கள் அதைப் பின்பற்றலாம். ஆண்டில் 365 நாளும் கடையைத் திறக்கலாம் என்று அது சொன்னது. மகாராஷ்டிர அரசு 2017-இல் இப்படிப்பட்ட ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. கடைக்கு விடுமுறை கட்டாயம் இல்லை. ஆனால் ஊழியருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு கட்டாயம்.

இதுதான் பெரிய மாற்றம். முன்பு கடைக்கு விடுமுறை விட்டால், அதோடு ஆளுக்கும் விடுமுறை கிடைத்தது. பூட்டைப் பார்த்தாலே தெரியும். இப்போது இரண்டும் தனித்தனி. கடை திறந்தே இருக்கும். உள்ளே இருப்பவருக்கு விடுமுறை கிடைத்ததா, இல்லையா? வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மாதிரிச் சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். சிறிய ஊரில் பல கடைகளில் 2 பேர், 3 பேர்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அதில் சேரவில்லை. எனவே உங்கள் மாநிலத்தில் என்ன சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கணக்குப் பார்ப்போம்

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் லாபம் வருமா? வாயால் பேசினால் போதாது. எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலில் மளிகைக் கடை அம்மாளின் கணக்கைப் பார்ப்போம். இது ஓர் உதாரணம்தான். ஞாயிறு அன்று 5,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் நல்ல வியாபாரம். ஆனால் யோசியுங்கள். கடை 7 நாள் திறந்தால், ஒரு வீட்டில் அரிசி கூடுதலாகச் செலவாகுமா? சோப்பு சீக்கிரம் கரையுமா? சனி, திங்களில் வாங்க வேண்டியவர்கள் ஞாயிறு அன்று வாங்கினார்கள். அப்படி 4,000 ரூபாய். புதிதாக வந்த வியாபாரம் 1,000 ரூபாய்தான். 100-க்கு 10 ரூபாய் லாபம் என்றால், கிடைப்பது 100 ரூபாய். உதவி ஆளுக்குக் கூலி 300 ரூபாய். மின்சாரம், டீச் செலவு 50 ரூபாய். மொத்தச் செலவு 350. வரவு 100. நஷ்டம் 250 ரூபாய்.

இப்போது ஜவுளிக் கடை. ஞாயிறு விற்பனை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறு நாளில் வர வேண்டியது 4,000. மீதி 8,000 ரூபாய் புதிது. அது பேருந்து ஏறி நகரத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம். 100-க்கு 20 ரூபாய் லாபம் என்றால், கிடைப்பது 1,600 ரூபாய். இரண்டு ஊழியர்களுக்கு வார நாளில் விடுமுறை தர வேண்டும். அன்று மாற்று ஆள் வைக்க 1,000 ரூபாய் ஆகும். மற்றச் செலவு 150. மொத்தச் செலவு 1,150. லாபம் 450 ரூபாய்.

ஆக, ஒரே ஊர். ஒரே ஞாயிறு. ஒரு கடைக்கு நஷ்டம். ஒரு கடைக்கு லாபம். தினமும் வாங்கும் பொருளுக்கு ஞாயிறு பெரிய உதவி செய்யாது. குடும்பத்தோடு வந்து பார்த்து வாங்கும் பொருளுக்கு உதவும். மருந்துக் கடை வேறு வகை. நோய் கிழமை பார்த்து வராது. ஊரில் ஒரு மருந்துக் கடையாவது முறை வைத்துத் திறந்திருக்க வேண்டும்.

ஜவுளிக் கடைக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்தார். “மாற்று ஆள் வைக்காவிட்டால் 1,450 ரூபாய் கிடைக்குமே!” என்றார்.

உண்மைதான். கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? வாங்க வந்தவர்கள் அதைத் தரவில்லை. அது இரண்டு ஊழியர்களின் ஓய்வு நாள். அவர்களிடம் கேட்காமலே எடுத்த பணம். 1890-இல் பம்பாய்த் தொழிலாளிகள் பெற்ற உரிமையை, ஒரு சிறிய ஊரின் கடைவீதியில் நாம் பறிக்கலாமா?

ஓய்வு யாருக்கு வேண்டும்?

எல்லாருக்கும் வேண்டும். நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவருக்கு முதுகு வலிக்கும். கால் நரம்பு சுருளும். ஒரு நாள் ஓய்வு இருந்தால் உடம்பு தேறும். துணி துவைக்க, மருத்துவரிடம் போக, உறவினரைப் பார்க்க ஒரு நாள் வேண்டாமா?

கடைக்காரரும் மனிதர்தான். ஆள் வைக்காமல் குடும்பமே நடத்தும் கடைகள் நம் நாட்டில் ஏராளம். அவருக்கு விடுமுறை கொடுக்க வேறு முதலாளி இல்லை. அவரேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி காலையில் சமையல் செய்கிறார். பிறகு கல்லாவில் உட்காருகிறார். மாலையில் மறுபடியும் சமையல். கடை 7 நாள் திறந்தால் அவருக்கு எந்த நாள் ஓய்வு? இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை.

வேறு கிழமையில் விடுமுறை தந்தால் போதுமா? உடம்புக்குப் போதும். ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால், அன்று குழந்தை பள்ளியில் இருக்கும். கணவர் வேலைக்குப் போயிருப்பார். ஞாயிறுக்கு என்று ஒரு தனி மதிப்பு இருக்கிறது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். கடைவீதிக்கு வாடிக்கையாளர் வருவதும் அதனால்தான். ஊழியர் வீட்டுக்குப் போக விரும்புவதும் அதனால்தான்.

என்ன செய்யலாம்?

ஒரே வழி என்று இல்லை. பல வழிகள் உண்டு.

ஞாயிறு திறந்துவிட்டு, வியாபாரம் குறைந்த வேறொரு நாளில் மூடலாம். சந்தை கூடும் நாளில் மட்டும் மூடக் கூடாது.

ஞாயிறு காலை 9 மணி முதல் 1 மணி வரை மட்டும் திறக்கலாம். மதியத்துக்கு மேல் எல்லாரும் வீட்டில் இருக்கலாம். ஆனால் இந்த அரை நாள், வார விடுமுறைக்கு ஈடு ஆகாது. ஊழியருக்கு வேறு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல், ஈத், கிறிஸ்துமஸ், திருமணக் காலம் ஆகியவற்றுக்கு முன்னால் வரும் ஞாயிறுகளில் மட்டும் திறக்கலாம்.

ஊழியர்கள் முறை மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு இந்த ஞாயிறு என்றால், மற்றவருக்கு அடுத்த ஞாயிறு. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஒவ்வொருவரும் வீட்டில் இருப்பார்கள்.

இன்னொரு விஷயம். ஒரு கடை மட்டும் திறந்தால் கூட்டம் வராது. துணி எடுக்க வருபவர் செருப்பும் பார்ப்பார். பாத்திரமும் பார்ப்பார். ஒரு கடைக்காக யாரும் புறப்பட்டு வர மாட்டார்கள். எனவே கடைக்காரர்கள் கூடிப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஊழியர்களையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

மூன்று மாதம் செய்து பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஞாயிறு விற்பனை எவ்வளவு? திங்கள் விற்பனை குறைந்ததா? செலவு எவ்வளவு? யாருக்கு எந்த நாள் விடுமுறை? எல்லாவற்றையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டே பதில் சொல்லும்.

கைபேசியில் பொருள் வாங்கும் காலம் இது. அங்கே ஞாயிறும் இல்லை, இரவும் இல்லை. அதோடு போட்டி போட்டுச் சிறிய கடைக்காரர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியாது. ஆனால் சிறிய கடைக்காரரிடம் வேறு பலம் இருக்கிறது. வாங்க வருபவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அளவு சரியில்லை என்றால் உடனே மாற்றித் தருகிறார். அவசரத்துக்குக் கடன் தருகிறார். திறந்திருக்கும் நேரத்தில் நன்றாகக் கவனித்தால், மூடியிருக்கும் நாளை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்.

டீக்கடையில் என்ன முடிவானது?

நம் மூன்று பேரும் அடுத்த வாரம் மறுபடியும் பேசினார்கள். ஜவுளி, செருப்பு, பாத்திரக் கடைகள் மாதத்தில் முதல் இரண்டு ஞாயிறு திறப்பது என்று முடிவு செய்தார்கள். சம்பளம் வரும் சமயம் அதுதான். மளிகைக் கடை அம்மாள் ஞாயிறு மூடுவது என்று உறுதியாக இருந்தார். அவர் கணக்கு அவருக்குத் தெரியும்.

ஜவுளிக் கடைக்காரர் சுவரில் ஓர் அட்டை மாட்டினார். அதில் இரண்டு ஊழியர்களின் பெயரும், அவர்களுடைய விடுமுறை நாளும் எழுதியிருந்தது. அந்தப் பெண் அட்டையை நின்று படித்தார். தன் பெயருக்கு நேரே, மாதத்தில் மூன்று ஞாயிறு இருந்தது. திறக்கும் இரண்டு ஞாயிறுகளில் ஒன்று மட்டும் அவருடைய முறை. அந்த வாரம் அவருக்குப் புதன்கிழமை விடுமுறை.

“ஒரு ஞாயிறுதானே, ஐயா. என் மகளிடம் சொல்லிக்கொள்கிறேன்” என்றார்.

கடையை எந்த நாளில் திறப்பது என்பதை ஊர் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தக் கடையில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் சந்தை எந்த நாளில் கூடுகிறது?

உங்கள் ஊர்க் கடைகளுக்கு எந்த நாள் விடுமுறை? அதை முடிவு செய்தவர் யார்?

நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் வேலை பார்ப்பவருக்கு வார விடுமுறை உண்டா? அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஓய்வே இல்லாமல் உழைப்பவர் யார்? அவருக்கு எந்த நாளில் ஓய்வு தரலாம்?